ஓடைக் கப்பி மீன் குறைவாகக் குட்டி போடுவது நோயா?

ஓடையில் பிடித்த கப்பி (guppy என்ற சிறு தொட்டி மீன்) ஈற்றுக்குப் பத்துக் குட்டியும் பண்ணைக் கப்பி நாற்பதும் போடுவதாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் இது நோயில்லை. தாயின் உடல் பெரிதானால் குட்டிகளும் கூடும். முதலில் மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம்வரை அளவெடுங்கள். வாலையும் சேர்த்தால் பண்ணை மீன் பொய்யாகப் பெரிதாகத் தெரியும். ஒரே நீளமுள்ள தாய்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

எல்லா ஓடை மீனும் ஒன்றல்ல. கரீபியன் தீவான டிரினிடாடில் வேட்டை மீன்கள் மிகுந்த பகுதிக் கப்பிகள் சீக்கிரம் பருவமடைந்து, சிறிய குட்டிகளை நிறையப் போடும். வேட்டை குறைந்த மேலோடையில் குட்டிகள் குறைவு, ஆனால் பெரியவை.

பிடித்து வந்த தாயை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அது விந்தைப் பல மாதம் சேமித்து வைத்திருக்கும், அதனால் அப்பா எந்த ஆண் என்றே தெரியாது. இரு வகையிலும் தொட்டியில் பிறந்த பேரக்குட்டிகளை எடுத்து, ஒரே அளவுத் தொட்டி, ஒரே எண்ணிக்கை, 25 டிகிரி, ஒரே தீனி என்று வளருங்கள். வெப்பம் மாறினாலே வளர்ச்சி வேகம் மாறிவிடும்.

ஆண்களின் குதத் துடுப்பு (கழிவுத் துளைக்குப் பின்னால் உள்ள அடித் துடுப்பு) கூராகத் தொடங்கும்போதே பிரித்துவிடுங்கள். அது முழுமையானதும் ஆணின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும், பெண் வளர்ந்துகொண்டே போகும்; இரண்டுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பயனில்லை.

தாய் மெலிந்து, வெள்ளை நூல் போலக் கழிந்தால் மட்டும் குடற்புழுவைச் சந்தேகியுங்கள்.