மொட்டை மாடியில் மனசுக்கு இதமான தோட்டம் அமைப்பது எப்படி?

சென்னையில் கடலை ஒட்டிய தண்டையார்பேட்டையில் வீடு, அம்மாவுக்காகத் தோட்டம், மொட்டை மாடி மட்டும்தான் இடம் என்கிறீர்கள். தாராளமாகப் போதும். முதலில் செடி வாங்காதீர்கள். சாயங்காலம் அம்மா எங்கே உட்காருவார் என்று பாருங்கள். அந்த நாற்காலியைச் சுற்றித்தான் தோட்டம். பச்சையைப் பார்ப்பதே இதம்தான்: 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறுவை சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

கைக்கு எட்டும் உயரத்தில் ஓமவல்லி வையுங்கள். கசக்கினால் வாசம் விரலிலேயே நிற்கும். பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை. அதன் இலையில் பறவை எச்சம் போல ஒரு புழு ஒட்டியிருந்தால் மருந்து அடிக்காதீர்கள், பாவம்! வளர்ந்து பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். அம்மா தினமும் மாடியேற அதுவே போதும்.

உப்புக்காற்றுக்கு நித்தியகல்யாணி தாங்கும். மண்ணோடு தேங்காய் நார்க்கழிவு கலந்தால் தளத்துக்குப் பாரம் குறையும்.