புது வங்கிக் கணக்கில் கிரெடிட் கார்டால் பணம் போடலாமா? இர்விங்கில் இருந்து கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டெக்சாஸுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, எச்-1பி வேலை விசா, சோஷியல் செக்யூரிட்டி எண் (இங்கே வேலைக்கும் வரிக்கும் வங்கிக்கும் கேட்கும் அடையாள எண்) கைக்கு வந்துவிட்டது, சம்பளம் ஒரு வங்கியில் ஒழுங்காக விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வேறொரு வங்கி, புதிதாகச் செக்கிங் கணக்கு (அன்றாடச் செலவுக்கான கணக்கு) தொடங்கினால் 300 டாலர் போனஸ் தருவதாகச் சொல்கிறது. இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே போனால், முதல் டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டையும் ஒரு வழியாகக் காட்டுகிறது. 500 டாலர் வரை போடலாமாம். "பாயின்ட்டும் கிடைக்கும், பணமும் கணக்கில் இருக்கும், அதையே எடுத்து கார்டு பில்லைக் கட்டிவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா அக்கா? இங்கே வாங்கிய கார்டா, ஊர்க் கார்டா? இல்லாவிட்டால் மாமா பையன் தன் கார்டைத் தருகிறேன் என்கிறான், அதைப் போடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டப்படி இதில் தவறு எதுவும் இல்லை. வங்கியே கொடுக்கும் வழிதான். ஆனாலும் உங்கள் இன்றைய நிலையில் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு வேறொரு வங்கி இதே மாதிரி ஒரு சலுகையோடு வரும்போது நீங்களே முடிவெடுக்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் நீங்கள் செய்யும் செலவு இரண்டு வகையாகப் பதிவாகலாம். ஒன்று, மளிகை வாங்குவது போலச் சாதாரணச் செலவு. பில் வந்த பிறகு கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டினால் வட்டி கிடையாது. பில்லுக்கும் கெடு தேதிக்கும் நடுவே குறைந்தது 21 நாள் இருக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. இன்னொன்று கேஷ் அட்வான்ஸ். அதாவது, கார்டைக் காட்டி ரொக்கம் கடன் வாங்கியதாகக் கணக்கு. இதற்கு அந்த 21 நாள் சலுகை கிடையாது. பணம் போன அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். அதோடு தனியாக ஒரு கட்டணமும் உண்டு: பல கார்டுகளில் 10 டாலர் அல்லது தொகையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. பாயின்ட்டும் வராது.

வங்கிக் கணக்கில் கார்டால் பணம் போடும்போது அது இந்த இரண்டில் எதுவாகப் பதிவாகும் என்பதுதான் முழு விஷயமும். ஒவ்வொரு கார்டு பரிவர்த்தனையோடும் நான்கு இலக்க எண் ஒன்று சேர்ந்து போகும். கடைக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று கார்டு நிறுவனத்துக்குச் சொல்வது அதுதான். 6010, 6011 என்று வந்தால் ரொக்கம் எடுத்ததாக அர்த்தம். 6012 என்று வந்தால் நிதி நிறுவனத்திடம் ஏதோ சேவை வாங்கியதாக அர்த்தம். புதுக் கணக்கு தொடங்கும் வங்கி தன் பக்கம் இருந்து எந்த எண்ணை அனுப்பும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். அது சாதகமான எண்ணாகவே இருந்தாலும், உங்கள் கார்டு நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் 'ரொக்கத்துக்கு ஒப்பான பரிவர்த்தனை' என்று ஒரு வரி வைத்திருந்தால் அதையும் கேஷ் அட்வான்ஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் "எனக்குச் சாதாரணச் செலவாகத்தான் வந்தது" என்று நண்பர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது அவர் கார்டுக்கும் அவர் வங்கிக்கும் நடந்தது. அதே வங்கியில், வேறு கார்டில், உங்களுக்கு வேறு மாதிரி வரலாம்.

இதில் பலர் கேட்கும் இடமே தவறு. புது வங்கிக்குப் போன் செய்து "இது கேஷ் அட்வான்ஸ் ஆகுமா?" என்று கேட்கிறார்கள். அங்கே இருப்பவர் நல்லெண்ணத்தோடு "ஆகாது" என்பார். அதைத் தீர்மானிப்பது அவர் இல்லை. கார்டு கொடுத்த நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. கேட்பதானால் அவர்களிடம் கேளுங்கள், அதுவும் அவர்கள் இணையக் கணக்கில் உள்ள செய்திப் பகுதியில் எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருந்தால் பின்னால் பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

தொகையைப் போட்டுப் பார்க்கலாம். 500 டாலர் போடுகிறீர்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தால், 1.5 சதவீதம் திருப்பித் தரும் கார்டில் உங்களுக்குக் கிடைப்பது ஏழரை டாலர். கேஷ் அட்வான்ஸ் ஆகிவிட்டால் கட்டணமே 25 டாலர். அதன் மேல் ஆண்டுக்கு 29.99 சதவீத வட்டி என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 41 சென்ட். பில் வரட்டும் என்று ஒரு மாதம் இருந்தால் இன்னும் 12 டாலர். ஏழரை டாலர் கிடைக்கலாம் என்பதற்காக 37 டாலர் போகலாம் என்ற இடத்தில் நிற்க வேண்டுமா? முதல் வருஷத்தில், வாடகை அட்வான்ஸ், கார், ஊருக்கு அனுப்புவது என்று எல்லாப் பக்கமும் பணம் போகிற நேரத்தில், தேவையில்லை என்பேன்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கையாள்கிறீர்களா என்று காட்டும் மதிப்பெண். வந்த புதிதில் கிடைக்கும் முதல் கார்டுக்கு வரம்பு பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். உங்களுடையது 1,000 டாலர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 500 டாலரை ஒரே அடியாக இங்கே போட்டால், வரம்பில் பாதி பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று ஆகிவிடும். பெரும்பாலான கார்டு நிறுவனங்கள் ஸ்டேட்மென்ட் முடியும் தேதியில் இருக்கும் பாக்கியைத்தான் கிரெடிட் பீரோக்களுக்கு, அதாவது எல்லோருடைய கடன் விவரத்தையும் திரட்டி வைக்கும் நிறுவனங்களுக்கு, அனுப்புகின்றன. அந்தப் பாக்கியை வரம்பில் 30 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. கடன் கொடுப்பவர்கள் வழக்கமாகப் பார்க்கும் எஃப்.ஐ.சி.ஓ. (FICO) என்ற கிரெடிட் ஸ்கோர் உருவாகவே ஏறக்குறைய ஆறு மாதக் கணக்கு வேண்டும். உங்களுக்கு அது இனிமேல்தான் முதல்முறையாக வரப்போகிறது. அந்த நேரத்தில் பாதி வரம்பு நிரம்பிய கார்டு எதற்கு? அடுத்த மாதமே குறைத்துவிட்டால் ஸ்கோர் மீண்டுவிடும், அதில் பயமில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில்தான் நீங்கள் வேறு அபார்ட்மென்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும் சொல்கிறீர்கள்.

"அந்தப் பணத்தையே எடுத்து பில்லைக் கட்டிவிடலாம்" என்கிற யோசனையிலும் ஒரு சிக்கல் உண்டு. கார்டு வழியாக வந்த பணத்தைச் சில வங்கிகள் கொஞ்ச நாள் பிடித்து வைத்துத்தான் விடும். கணக்கில் 500 என்று தெரியும், எடுக்க முடியாது. அப்புறம் இன்னொன்று. புதுக் கணக்கு, கார்டில் இருந்து பெரிய தொகை, விடுவித்த மறுநாளே எல்லாவற்றையும் வெளியே மாற்றுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் வங்கியின் மோசடி கண்காணிப்புப் பிரிவு கவனிக்கும். திருட்டு கார்டு வைத்திருப்பவர்கள் செய்வதும் இதையேதான். நீங்கள் நேர்மையான ஆள் என்பது கணினிக்குத் தெரியாது. கணக்கை முடக்கி, அடையாள ஆவணங்களோடு கிளைக்கு வா என்பார்கள். சில சமயம் காரணம் சொல்லாமலே மூடிவிடுவார்கள்.

பெயர் விஷயத்தை நம் ஆட்கள் கவனிப்பதில்லை, ஆனால் தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. கார்டில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நமக்கோ பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், ஊர்க் கார்டில் வெறும் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (FNU, முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். அதையே ஏதாவது ஒரு வங்கி முதல் பெயராக ஏற்றி வைத்திருக்கும். உங்களுக்கு அப்படி இருந்தால், கார்டு மறுக்கப்படுவதற்கும் கணக்கு தொங்கலில் நிற்பதற்கும் அதுவே போதும். எந்த வங்கியில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு முறை எடுத்துப் பார்த்து, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடி ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைத் தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் இது உதவும்.

இதே காரணத்தால்தான் மாமா பையனின் கார்டு வேண்டவே வேண்டாம். பாசத்தோடுதான் தருகிறார். ஆனால் அடுத்தவர் கார்டில் இருந்து உங்கள் புதுக் கணக்குக்குப் பணம் வந்தால் வங்கி அதை எப்படிப் பார்க்கும் என்று மேலே சொன்னதிலிருந்தே புரியும். கேஷ் அட்வான்ஸ் ஆகிவிட்டால் கட்டணம் அவர் தலையில். சொந்தத்துக்குள் 37 டாலருக்காக மனக்கசப்பு வரக் கூடாது.

ஊர்க் கார்டுக்கு வருவோம். அதில் டாலரில் செலவு செய்தால் அந்நியச் செலாவணிக் கட்டணம் உண்டு. பல கார்டுகளில் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 4.13 சதவீதம். 500 டாலருக்கு 20 டாலருக்கு மேல் அங்கேயே போய்விடும், பாயின்ட் பேச்சுக்கே இடமில்லை. ரொக்கம் எடுத்ததாகப் பதிவானால் அதற்கு வேறு கட்டணம், வேறு வட்டி. முகவரி சரிபார்ப்பிலும் நிற்கும்: இங்கே கார்டோடு சேர்ந்த அஞ்சல் எண்ணை ஒத்துப்பார்ப்பார்கள், உங்கள் கார்டில் இருப்பதோ மதுரை பின்கோடு. இன்னொரு கடமையும் இருக்கிறது. வேலைக்காக இங்கே வந்துவிட்டதால் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் ஊரில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்றச் சொல்லி அந்த வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கணக்கோடு இணைந்த கார்டு என்றால் அதைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் 300 டாலர் போனஸை விட்டுவிடுவதா? விட வேண்டாம். அதைத் தனியாகப் பாருங்கள். இந்த மாதிரி போனஸ்களுக்குப் பெரும்பாலும் நிபந்தனை, குறிப்பிட்ட நாளுக்குள் இவ்வளவு டைரக்ட் டெபாசிட் வர வேண்டும் என்பது, அதாவது முதலாளியிடம் இருந்து நேராக வரும் சம்பளம். முதல் டெபாசிட்டை எந்த வழியில் போட்டீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. எனவே முதல் டெபாசிட்டாக அவர்கள் கேட்கும் குறைந்த தொகையை, 25 டாலரோ 100 டாலரோ, உங்கள் பழைய கணக்கில் இருந்து மாற்றுங்கள். பழைய வங்கியை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க ரூட்டிங் நம்பரும் கணக்கு எண்ணும் கொடுத்தால் போதும். சில வங்கிகள் முதலில் சில சென்ட்டுகளை இரண்டு முறை அனுப்பிச் சரிபார்க்கும். ஓரிரு வேலை நாள் ஆகும், பெரும்பாலும் செலவில்லை. அப்புறம் அலுவலகத்தில் சம்பளத்தைப் பிரித்துப் போடும் வசதி இருந்தால் கேட்கிற தொகையை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். மாதக் கட்டணம் எவ்வளவு, எந்த நிபந்தனையில் அது விலகும், ஆறு மாதத்துக்குள் கணக்கை மூடினால் போனஸைத் திரும்பப் பிடிப்பார்களா, இவற்றை மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். போனஸை வட்டி வருமானமாகக் கணக்கில் எடுப்பார்கள். ஜனவரியில் 1099 படிவம் வரும், வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

பின்னால், இரண்டு மூன்று வருஷம் கழித்து, பெரிய வரம்புள்ள கார்டு கையில் இருந்து, போடும் தொகைக்கு ஏற்கனவே பணமும் சேமிப்பில் இருந்தால் செய்து பாருங்கள், தடுக்க மாட்டேன். அன்றைக்கும் முதலில் கார்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு கேஷ் அட்வான்ஸ் வரம்பைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். மொத்த வரம்புக்குள் அதற்கென்று ஓர் உள்வரம்பு இருக்கும். பூஜ்யம் முடியாது என்றால் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு. அதற்கு மேற்பட்ட தொகை ரொக்கமாகப் பதிவாகப் போனால் பெரும்பாலும் அப்போதே மறுத்துவிடும், உங்களுக்குச் சேதமில்லை. முதல் தடவை சின்னத் தொகை போடுங்கள்.

கடிதத்தின் கடைசியில் "ஒருவேளை நான் ஏற்கனவே பட்டனை அழுத்தியிருந்தால்?" என்று ஒரு வரி வைத்திருந்தீர்கள். அழுத்தியிருந்தாலும் பயப்பட வேண்டாம். கார்டின் இணையக் கணக்கில் அந்தப் பரிவர்த்தனை என்ன பெயரில் நிற்கிறது என்று இன்றே பாருங்கள். கேஷ் அட்வான்ஸ் என்று இருந்தால் பில்லுக்குக் காத்திருக்காமல் பழைய கணக்கில் இருந்து முழுத் தொகையையும் உடனே கட்டுங்கள். ஓடுகிற வட்டி அதோடு நிற்கும். அப்புறம் கூப்பிட்டு, புதிதாக வந்தவன், இப்படி ஆகும் என்று தெரியாது, இந்த ஒரு தடவை கட்டணத்தை விலக்குங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். முதல் முறை என்றால் சில நிறுவனங்கள் விலக்குவதுண்டு. ஆனால் "நான் செய்யாத பரிவர்த்தனை" என்று புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்க மட்டும் முயலாதீர்கள். கார்டு நிறுவனம் பணத்தைப் பிடுங்கிக்கொண்டால் புதுக் கணக்கு மைனஸில் போகும், வங்கி அதை மூடி செக்ஸ்சிஸ்டம்ஸில் பதிவு செய்துவிடும். கணக்கு திறக்க வருபவர்களைப் பற்றிப் பல வங்கிகள் விசாரிக்கும் இடம் அது. அந்தப் பதிவு ஐந்து வருஷம் வரை நிற்கும்.