தொட்டி இன்றைக்கு, மீன் அடுத்த மாதம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வண்ண மீன் பற்றியவை. இருபது வருடமாக வீட்டில் மீன் வளர்க்கிறவள் என்பதால் அவற்றை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள், அதனால் ஊர் மட்டும்.

திருப்பூரிலிருந்து: அக்கா, பையன் பிறந்தநாளுக்கு இரண்டடித் தொட்டி வாங்கினோம். தொட்டி, கல், ஃபில்டர், பன்னிரண்டு மீன் எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். அன்று சாயங்காலமே தண்ணீர் ஊற்றி மீனை விட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர் சொன்னபடி மொத்தத் தண்ணீரையும் மாற்றினோம். ஆறு நாளில் ஒன்பது மீன் செத்துவிட்டது, ஃபில்டரும் நின்றுவிட்டது. "உங்க தண்ணி சரியில்லைங்க" என்கிறார். பில்லும் தரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

உங்கள் மீன்களைக் கொன்றது அம்மோனியா. மீன் மூச்சு விடும்போது செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றும். போட்ட தீனி மிஞ்சி அழுகினாலும் அதுதான் வரும். பழைய தொட்டியில் ஃபில்டர் ஸ்பான்ஜிலும் கல்லிலும் இரண்டு வகைப் பாக்டீரியா குடியிருக்கும். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். கடைசியில் வரும் நைட்ரேட்டை வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றியே சமாளித்துவிடலாம். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா குடியேறி வேலையைத் தொடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இரண்டடித் தொட்டியில் நிற்பது ஐம்பது லிட்டர் சொச்சம் தண்ணீர். அதில் முதல் நாளே பன்னிரண்டு மீன் என்றால் தாங்காது. மூன்றாம் நாள் வெளுத்ததும் புதுத் தொட்டியின் வழக்கம்தான், தானே தெளிந்துவிடும். மொத்தத் தண்ணீரையும் மாற்றியதில் மீனுக்கு இன்னோர் அதிர்ச்சி. அந்தத் தண்ணீரில் குளோரின் இருந்திருந்தால் வரத் தொடங்கிய கொஞ்சம் பாக்டீரியாவும் போயிருக்கும்.

இப்போது பணத்துக்கு வருவோம். செத்த மீனுக்குப் பணம் வாங்குவது கஷ்டம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் நோயோடு வந்தது என்று உங்களால் காட்ட முடியாது. ஆனால் ஃபில்டர் பழுதான பொருள், அதை விடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. பில் இல்லாவிட்டாலும் போனில் பணம் அனுப்பிய பதிவு இருக்குமே, அதில் தேதி, தொகை, கடைப் பெயர் மூன்றும் இருக்கும். அதைக் காட்டி ஃபில்டரை மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானாலும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. எனக்குத் தெரிந்து பல கடைக்காரர்கள் 1915 என்று சொன்னதுமே பொருளை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மிச்சம் மூன்று மீன் இருக்கிறதே, அதைக் காப்பாற்றுங்கள். தீனியை இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள். குழாய்த் தண்ணீரை அகலமான பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்து, தினமும் கால் பங்கு மாற்றுங்கள். மீன் வளர்க்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருடைய தொட்டியில் ஓடிய பழைய ஸ்பான்ஜில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து, மாற்றி வாங்கிய ஃபில்டருக்குள் வையுங்கள். கடையில் பாட்டிலில் விற்கிற பாக்டீரியாவை விட நான் நம்புவது இந்த அழுக்குத் துண்டைத்தான். ஸ்பான்ஜை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: தொட்டியை இன்றைக்கு வாங்குங்கள், மீனை அடுத்த மாதம் வாங்குங்கள். அந்த ஒரு மாதம் தொட்டி சும்மா ஓடட்டும், தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்கள். கடையில் மீன் பார்க்கும்போது உங்கள் கண் முன்னாலேயே தீனி போடச் சொல்லுங்கள். துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கி நிற்கிற மீன் வேண்டாம். ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் வாங்காதீர்கள். "இன்னைக்குத்தான் லோடு வந்துச்சுங்க" என்று சொன்னால் முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போங்கள். சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி முழுக்கப் பையில் வந்த மீன் இளைப்பாற வேண்டாமா?

கோவை வடவள்ளியிலிருந்து: வீட்டில் சிறுவாணித் தண்ணீரும் வருகிறது, போர் தண்ணீரும் இருக்கிறது. கடையில் ஆர்.ஓ. கேன் வாங்கி ஊற்றச் சொல்கிறார்கள். எது சரி?

கேன் வாங்கும் செலவு வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பெல்லாம் போய்விடும். அதை மட்டும் ஊற்றினால் பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, நிலையாக நிற்காமல் சட்டென்று இறங்கிவிடும்.

நாம் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று பிரித்துப் பேசுகிறோம். மீனுக்கும் அந்தப் பிரிவு உண்டு, ஆனால் எது நல்லது என்பது மீனைப் பொறுத்தது. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் போன்ற குட்டி போடும் மீன்களுக்கு கால்சியம், மெக்னீசியம் கலந்த கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். நாம் முகம் சுளிக்கிற போர் தண்ணீரில் மோலி கொழுகொழுவென்று வளரும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. சோப்பு போட்டால் நுரை போகவே போகாது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு நிற்காது. டெட்ரா வகைகளுக்கும் டிஸ்கஸுக்கும் அது ஏற்றது. இந்த விஷயத்தில் கோவைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். அதனால் முதலில் எந்தத் தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற மீனைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றுவதுதான் தப்பு.

ஹீட்டர் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மார்கழி, தை இரவுகளில் இங்கே நன்றாகவே குளிர் இறங்கும். வெப்பமண்டல மீனுக்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும். லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில், தானாக நின்று ஓடுகிற ஹீட்டராக வாங்குங்கள். தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து: வாட்ஸ்அப்பில் ஒருவரிடம் சிவப்புக் கண் அல்பினோ கப்பி ஒரு ஜோடி 900 ரூபாய்க்கு வாங்கினேன். பஸ் பார்சலில் நல்லபடியாக வந்தது. பத்தொன்பதாம் நாள் 23 குட்டி போட்டது. அதில் 15 குட்டிக்குக் கண் கறுப்பு! ஏமாற்றிவிட்டாரா?

குட்டிகளின் கண்ணைப் பார்த்து எண்ணியிருக்கிறீர்கள் பாருங்கள், மிகவும் மகிழ்ச்சி. விடையும் அந்தக் கண்ணில்தான் இருக்கிறது.

அல்பினோ என்பது ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் குட்டியில் வெளியே தெரியும். தாயும் தகப்பனும் ஒரே வகை அல்பினோவாக இருந்தால் குட்டி அத்தனையும் சிவப்புக் கண்ணோடுதான் பிறக்க வேண்டும். கறுப்புக் கண் பிறந்திருக்கிறது என்றால் அந்தப் பதினைந்துக்கும் தகப்பன் உங்கள் ஆண் மீன் கிடையாது. கப்பி சினையாகிக் குட்டி போட ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். உங்களிடம் வந்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது என்றால் வரும்போதே சினையாக வந்திருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பெண் கப்பி ஒருமுறை கூடினால் ஆணின் விந்தை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆணே இல்லாத தொட்டியிலும் அடுத்தடுத்து ஈனும். அதனால் வரும் ஈத்திலும் ஒன்றிரண்டு கறுப்புக் கண் வந்தால் பதற வேண்டாம்.

ஏமாற்றினாரா என்பது அவர் என்ன சொல்லி விற்றார் என்பதைப் பொறுத்தது. "ஜோடி" என்று மட்டும் சொல்லியிருந்தால் நீங்கள் பார்த்து வாங்கிய இரண்டு மீனும் வந்துவிட்டன, வழக்குக்கு இடமில்லை. "சுத்த வகை", "ஆணோடு சேராத பெண்" என்று எழுதியிருந்தால் அது பொய் உறுதிமொழி. அந்த உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு வேறு பெண் மீன் கேளுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது விலையைப் பேசும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பெண் குட்டிகளை எந்த வயசுல பிரிப்பீங்க?" மூன்று, நான்கு வாரத்துக்குள் என்று பதில் வந்தால் அவர் வேலை தெரிந்தவர். அந்த வயதில் குட்டியைக் கண்ணாடி டம்ளரில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் ஆசனத் துடுப்பு ஆணுக்குக் குச்சி போல ஒடுங்கத் தொடங்கியிருக்கும், பெண்ணுக்கு விசிறி போலவே இருக்கும். பெண்ணின் வயிற்றடியில் கறுப்புப் பொட்டும் தெரியும், அல்பினோவில் மட்டும் அது வெளிறி இருக்கும். உங்களிடம் இருக்கிற எட்டுச் சிவப்புக் கண்ணையும் இதே கணக்கில் பிரித்து வளருங்கள். மற்றவை தனித் தொட்டியில் இருக்கட்டும், விற்றால் கலப்பு என்று சொல்லியே விற்றுவிடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: "பிரீடிங் ஜோடி" என்று ஏஞ்சல் மீன் வாங்கினோம். மூன்று முறை குழாயில் முட்டை வைத்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாளில் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிடுகிறது.

உங்களிடம் இருப்பது இரண்டு பெண்ணாக இருக்கலாம். ஆண் கிடைக்காவிட்டால் இரண்டு பெண் ஏஞ்சல் ஜோடி சேர்ந்து, இடம் துடைத்து, முட்டை வைத்து, காவலும் காக்கும். முட்டை மட்டும் பொரிக்காது. அடுத்த முறை முட்டை வைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழலைப் பாருங்கள். பெண்ணுக்கு மழுங்கித் தடிமனாக இருக்கும், ஆணுக்கு மெல்லியதாகக் கூராக இருக்கும். இரண்டும் மழுங்கலாக இருந்தால் அந்த வீடியோவை எடுத்து விற்றவருக்கு அனுப்பி மாற்றித் தரக் கேளுங்கள். ஒன்று கூராக இருந்தால் தண்ணீரைப் பாருங்கள். கடினத் தண்ணீரில் முட்டை கருக்கொள்வது குறையும். ஆண் இளசாக இருந்தாலும் முதல் சில ஈடு வீணாகும். கருக்கொண்ட முட்டை தேன் நிறத்தில் தெளிவாக நின்று, இரண்டு மூன்று நாளில் பொரியும்.

ஜோடி என்று சொல்லி இரட்டை விலை வாங்குகிறார்கள். அதைக் கொடுப்பதற்குப் பதில் ஐந்து ரூபாய் காசு அளவில் ஆறு குஞ்சு வாங்கி விடுங்கள். வளர்ந்ததும் அவையே தங்கள் துணையைப் பார்த்துக்கொள்ளும்.

கரூரிலிருந்து: தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கொடுத்த சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. வாய்க்காலில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். தென்னமெரிக்க மீன் அது. தமிழ்நாட்டு ஏரி குளங்களில் ஏற்கெனவே பெருகி, கரையில் வளை தோண்டி, மீன்பிடிக்கிறவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்ளக் கேளுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். பாசி தின்னும் மீன்தான் வேண்டும் என்றால் பிரிஸில்நோஸ் என்று கேட்டு வாங்குங்கள், அது அரையடிக்கு மேல் போகாது.

சோமனூரிலிருந்து: எங்கள் தறிக் கொட்டகை காலியாகக் கிடக்கிறதுங்க. ஒரு நிறுவனத்தில் 3 லட்சம் கட்டினால் வண்ண மீன் வளர்க்கத் தொட்டி, தாய் மீன், தீனி எல்லாம் கொடுத்து, குஞ்சு ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். மாதம் 25,000 நிச்சயம் என்கிறார்கள். சேரலாமா?

சேராதீர்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் நடந்ததை நம் பகுதியில் மறந்தவர்கள் இருக்க முடியாது. அங்கேயும் குஞ்சு கொடுத்தார்கள், தீனி கொடுத்தார்கள், திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதியும் கொடுத்தார்கள். கறிக்கும் முட்டைக்கும் வெளியே சந்தை இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணம்தான் பழையவருக்குப் போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தை இழந்து, கோவையிலுள்ள முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்ட நீதிமன்றத்துக்கு அலைந்தன.

வண்ண மீனுக்கு உண்மையான சந்தை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: சந்தை இருக்கிற பொருளுக்கு எதற்கு உங்களிடம் 3 லட்சம் முன்பணம்? அவர்கள் சொல்கிற குஞ்சு விலையை எழுதிக்கொண்டு கோவை, ஈரோட்டில் நான்கு கடைக்குப் போய், "என்கிட்ட ஐந்நூறு கப்பி இருக்குங்க, என்ன விலைக்கு எடுப்பீங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் விலைதான் உங்கள் வருமானம்.

கொட்டகை இருக்கிறது, நிழல் இருக்கிறது, போர் தண்ணீர் இருக்கிறது. மோலியும் கப்பியும் தொடங்க அதுவே போதும். நான்கு சிமென்ட் தொட்டி, ஸ்பான்ஜ் ஃபில்டர், ஓர் ஏர் மோட்டார் வைத்து ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். மாதாந்திர மின்தடையில் காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது, பேட்டரியில் ஓடுகிற மோட்டார் ஒன்று கட்டாயம் வேண்டும். விற்கத் தெரிந்த பிறகு பெரிதாக்க நினைத்தால் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போங்கள். பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்புக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வைத்திருந்தார்கள். இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டு, உங்கள் வீட்டுப் பெண்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். கையெழுத்துப் போடச் சொல்லி அந்த நிறுவனத்து ஆள் மறுபடி வந்தால், பத்திரத்தின் நகலை மட்டும் வாங்கி எனக்கு அனுப்புங்கள்.