பெருங்குடல் புற்றுநோய்: எதிர்ப்புச் சக்தி மரபணுவை எவ்வளவு நம்பலாம்?

வாசகர் கேள்விகளுக்குக் குடல்நோய், மரபியல் மருத்துவர்களின் பதில்கள்

டாக்டர், என் அப்பாவுக்கு 52 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. எனக்கு 34. எச்சில் மாதிரி கொடுத்து ‘இம்யூன் ஜீன்’ டெஸ்ட் எடுத்தேன். ஐந்து இடங்களில் ‘ஆபத்து’ என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். எனக்கும் வந்துவிடுமா?
– வாசகி, மதுரை

அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் மருத்துவருக்கு உண்மையிலேயே பயன்படும் எண் 52, அதாவது அப்பாவுக்கு நோய் தெரிந்த வயது.

இன்டர்லூகின், டி.என்.எஃப். போன்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களுக்கான எதிர்ப்பு மரபணுக்களில் ஓரெழுத்து மாறுபாடுகள், அதாவது டி.என்.ஏ. வரிசையில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது, கோடிக்கணக்கான மக்களிடம் இருக்கின்றன. ‘இது புற்றுநோயைக் கூட்டும்’ என்று முன்பு சொல்லப்பட்ட பலவும் சில நூறு பேரை வைத்துச் செய்த ஆய்வுகளில் வந்தவை. பெரிய ஆய்வுகளில் அவற்றில் பல நிற்கவில்லை. 2023இல் சுமார் 1 லட்சம் நோயாளிகளையும் ஒன்றரை லட்சம் நோயற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு, மரபணுத் தொகுதியில் 205 இடங்களைப் பெருங்குடல் புற்றுநோயோடு தொடர்புபடுத்தியது. அதற்கு முன் 2019இல் வந்த ஒரு பெரிய ஆய்வும் எதிர்ப்புச் சக்திக்கு இதில் பங்கு உண்டு என்று காட்டியிருந்தது. ஆகவே தொடர்பு உண்மை. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றின் பாதிப்பும் மிகச் சிறியது. ஓர் ஊரில் 1000 பேரில் 10 பேருக்கு இந்த நோய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தை 1.1 மடங்காக்கும் மாறுபாடு அந்த 10ஐ 11 ஆக்கும். அவ்வளவுதான். மேலும், அந்த 2023 ஆய்வில் பங்கேற்றவர்கள் ஐரோப்பிய, கிழக்கு ஆசிய வம்சாவளியினர். அந்தக் கணக்கை நம்மவருக்கு அப்படியே பொருத்தினால் பிசகும்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால், 40 வயதிலோ அவருக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்துகிறதோ அப்போது கொலனோஸ்கோபி (கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலை உள்ளே பார்க்கும் சோதனை) தொடங்க வேண்டும். உங்கள் கணக்கில் 40. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு முன்பே அப்பாவின் கட்டியில், பரம்பரையாகப் புற்றுநோய் வரவைக்கும் லிஞ்ச் சிண்ட்ரோமுக்கான சோதனை நடந்ததா என்று கேளுங்கள். விவரம் சேலம் வாசகருக்கான பதிலில் இருக்கிறது.

எதிர்ப்பு மரபணு புற்றுநோயில் என்னதான் செய்கிறது?
– கல்லூரி மாணவர், திருச்சி

இரண்டு வழிகள். முதலாவது, கண்காணிப்பு. உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டுகிறது. எதிர்ப்புச் சக்தியின் காவலர்களான டி செல்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) அதைச் சோதிக்கின்றன. இதற்கான மரபணுக்கள் 6ஆவது குரோமோசோமில் உள்ளன. ஏ, பி, சி என்ற மூன்றிலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என அதிகபட்சம் 6 வகை ஒருவருக்கு அமையும். எந்த வகை அமைந்ததோ அதைப் பொறுத்து எந்தத் துணுக்கு வெளியே தெரியும், எது தெரியாமல் போகும் என்பது மாறும்.

இரண்டாவது வழி அழற்சி. எதிர்ப்புச் சக்தி அடங்காமல் குடல் சுவரைத் தொடர்ந்து தாக்கினால், புண் ஆறுவதற்காகச் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. அழற்சியில் உருவாகும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அதே நேரத்தில் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. கூடவே இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைகள், சாக வேண்டிய செல்லைப் பிழைக்க வைக்கின்றன. ஆக, எதிர்ப்புச் சக்தி குறைந்தாலும் கெடுதல், மிகுந்தாலும் கெடுதல். ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ சாப்பிட்டுக் குடல் புற்றுநோயைத் தடுக்கலாம் என்பவர்களை நம்பாதீர்கள்.

அம்மா 47 வயதில் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். தாய்மாமா 44 வயதில் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து நலமாக இருக்கிறார். நான் எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்?
– வாசகர், சேலம்

முதல் டெஸ்ட் உங்களுக்கு வேண்டாம், மாமாவுக்கு எடுக்க வேண்டும். இளம் வயதில் பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்கள் ஒரே குடும்பத்தில் வந்தால் லிஞ்ச் சிண்ட்ரோமைத்தான் முதலில் சந்தேகிப்போம். டி.என்.ஏ. நகலெடுப்பில் வரும் பிழையைத் திருத்தும் மரபணு பழுதானதால் வரும் நிலை இது. எதிர்ப்பு மரபணுவில் பழுது இல்லை. ஆனாலும் எதிர்ப்புச் சக்தி மிகத் தெளிவாக வெளிப்படுவது இங்கேதான். திருத்தப்படாத பிழைகளால் கட்டியில் புதுப்புதுப் புரதங்கள் உருவாகி, டி செல்கள் திரண்டு வந்து மொய்க்கின்றன. அதனால்தான் பரவிய நிலையிலும் இவ்வகைக் கட்டிகளுக்கு, எதிர்ப்புச் சக்தியை ஏவிவிடும் இம்யூனோதெரபி எடுபடுகிறது. 2020இல் வெளியான கீநோட்-177 ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 16.5 மாதம், கீமோதெரபி பெற்றவர்களுக்கு 8.2 மாதம்.

இப்போது வேலைக்கு வருவோம். ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் பேத்தாலஜி பிரிவில், பயாப்சி எண்ணைச் சொல்லி மாமாவின் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த கட்டித் திசு) கேளுங்கள். பழைய பிளாக்குகளைச் சில ஆண்டுகளில் அகற்றிவிடுவார்கள், தள்ளிப்போடாதீர்கள். அதில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற, பிழை திருத்தும் நான்கு புரதங்களுக்கும் சாயச் சோதனை செய்ய வேண்டும். எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் இல்லையென்றால் லிஞ்ச் வாய்ப்பு அதிகம். எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம். பரம்பரைத் தொடர்பே இல்லாமல், முதுமையில் அந்த மரபணு அணைந்துபோவதாலும் அப்படி வரும். பி.ஆர்.ஏ.எஃப். மரபணு மாற்றமும் எம்.எல்.எச்.1 மெத்திலேஷனும் (மரபணுவை அணைக்கும் ரசாயன மாற்றம்) பார்த்தால் பிரித்தறியலாம்.

இதில் தவறு நேரும் இடங்களும் உண்டு. பார்மலினில் சரியாகப் பதப்படாத திசுவில் சாயமே பிடிக்காது. பக்கத்தில் உள்ள நல்ல செல்களில் சாயம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். மலக்குடல் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு எம்.எஸ்.எச்.6 பொய்யாக மறையலாம். சிகிச்சைக்கு முன் எடுத்த பயாப்சியே மேல்.

சந்தேகம் உறுதியானால் மாமாவுக்கு இரத்தத்தில் மரபணுச் சோதனை. மரபணுவில் பெரிய துண்டுகள் விடுபட்டிருப்பதையும் இபிகேம் மரபணுவையும் அந்த லேப் பார்க்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் குறிப்பிட்ட பழுது தெரிந்த பின், அதே ஒன்றை மட்டும் உங்களிடம் தேடினால் போதும். அது இல்லையென்றால் உங்களுக்கு மற்றவர்களைப் போன்ற ஆபத்துதான். இருந்தால், எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 என்றால் 20–25 வயதிலிருந்தே 1–2 ஆண்டுக்கு ஒரு கொலனோஸ்கோபி. மற்ற இரண்டு என்றால் 30–35இல் தொடங்கலாம். ரிப்போர்ட்டில் ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாறுபாடு’ என்று வந்தால், அதை வைத்துக் குடும்பத்தில் யாரையும் சோதிக்கக் கூடாது.

எனக்கு 9 ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் புண் அழற்சி). எச்.எல்.ஏ. டைப்பிங் எடுக்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

வேண்டாம். எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1*01:03 போன்ற சில வகைகள் கடுமையான கொலைட்டிஸோடு தொடர்புள்ளவைதான். ஆனால் முடிவு தெரிந்தாலும் உங்கள் கண்காணிப்பு மாறப்போவதில்லை. அறிகுறி தொடங்கி 8ஆம் ஆண்டில் கண்காணிப்புக் கொலனோஸ்கோபி செய்திருக்க வேண்டும். செய்யவில்லையென்றால் அந்தப் பணத்தை அதற்குச் செலவிடுங்கள். நோய் அடங்கியிருக்கும் நேரத்தில் செய்வது நல்லது, அழற்சியோடு இருந்தால் பயாப்சியில் ஆரம்ப மாற்றத்தைப் பிரித்தறிவது கடினம். பித்தநாளச் சுருக்க நோயான பி.எஸ்.சி.யும் கூட இருந்தால் 8 ஆண்டு காத்திருக்காமல் அது தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும். அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரை சாப்பிட்டால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுமா?
– வாசகர், நாமக்கல்

பொதுவான ஆபத்து குறிப்பிடும்படி அதிகரிக்காது. இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டும் வரும் அரிய நோய்களில்தான் அத்தை மகன், மாமன் மகள் திருமணம் வித்தியாசம் உண்டாக்கும். இன்டர்லூகின்-10 ஏற்பி பழுதான குழந்தைக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கடும் குடல் அழற்சி, ஆசனவாயைச் சுற்றிப் புண் வரும். எலும்பு மஜ்ஜை மாற்று அதற்குச் சிகிச்சை. லிஞ்ச் மரபணு இரு பக்கமும் பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே மூளை, இரத்தம், குடல் புற்றுநோய்கள் வரக்கூடும். தோலில் காப்பி நிறத் திட்டுகள் அதன் அடையாளம். இவை எதுவும் இல்லையென்றால் கவலை வேண்டாம்.

ஆஸ்பிரின் சாப்பிட்டால் தடுக்கலாமாமே?
– வாசகர், கோவை

லிஞ்ச் உள்ளவர்களிடம் ஆதாரம் உண்டு. கேப்2 ஆய்வில் 861 பேருக்குத் தினம் 600 மி.கி. ஆஸ்பிரினோ போலி மாத்திரையோ கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஆஸ்பிரின் பிரிவில் 427 பேரில் 40 பேருக்கும், மற்றப் பிரிவில் 434 பேரில் 58 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. மற்றவர்களுக்கு மரபணுவும் குறுக்கே வரும். 2015இல் வெளியான ஆய்வில், இன்டர்லூகின்-16 மரபணு அருகே ஒரு மாறுபாடு இருந்த சுமார் 9 சதவீதத்தினருக்கு ஆஸ்பிரின் வகை மருந்துகளால் பலன் தெரியவில்லை. வயிற்றுப்புண், இரத்தக் கசிவு ஆபத்து எல்லோருக்கும் உண்டு. மருத்துவர் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

மலத்தில் இரத்தம் பார்க்கும் ‘ஃபிட்’ டெஸ்டை வீட்டில் எப்படி எடுப்பது?
– வாசகி, திருவண்ணாமலை

இதற்குப் பத்தியம் இல்லை. மலம் கழிப்பறைத் தண்ணீரில் விழாமல் காகிதம் விரித்துப் பிடியுங்கள். குச்சியால் நாலைந்து இடத்தில் கீறி, குச்சியின் பள்ளம் நிரம்பும் அளவு மட்டும் எடுத்துக் குழாயில் செருகுங்கள். அதிகம் எடுத்தாலும் கணக்கு தவறும். வெயிலில் வைத்தால் ஹீமோகுளோபின் சிதைந்து, இருக்கும் இரத்தமும் ‘இல்லை’ என்று வரும். ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே லேபில் கொடுங்கள். மாதவிடாய் நாட்களில் எடுக்க வேண்டாம். ‘பாசிட்டிவ்’ வந்தால் திரும்ப ஃபிட் எடுத்துப் பார்ப்பது தவறு, நேராகக் கொலனோஸ்கோபிதான். கண்ணுக்கே இரத்தம் தெரிந்தால், மூலம் என்று நீங்களே முடிவு கட்டாமல் ஃபிட்டையும் விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.