சால்ஃபோர்ட் சபையும் சைவ உணவும்

வணக்கம் சார்,

மேல்நாட்டுச் சைவ உணவுச் சங்கங்கள் எல்லாம் இந்தியாவைப் பார்த்துத் தோன்றியவை, கிறிஸ்தவத்தில் புலால் மறுத்தலுக்கு இடமே இல்லை என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா?

செந்தில், ஈரோடு

அன்புள்ள செந்தில்,

அவர் சொன்னதில் பாதிகூடத் தேறாது. இந்தியாவைப் பார்த்து மனம் மாறியவர்கள் உண்டுதான். ராணுவ அதிகாரியாக இங்கே வந்துபோன ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆஸ்வால்ட் 1791இல் புலாலுக்கு எதிராக ஒரு நூலே எழுதினார். ஆனால் ஒருவர் மாறுவது வேறு, சங்கம் கட்டுவது வேறு.

சங்கத்துக்கு ஆள் வந்தது மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டிலிருந்து. அது பஞ்சாலை ஊர். 1809இல் வில்லியம் கவ்ஹெர்ட் என்ற போதகர் தன் சபையாரிடம் கறியும் கூடாது, மதுவும் கூடாது என்றார். அவர்களுக்கு ஆதாரம் பைபிள்தான். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதனுக்கு ஆகாரமாகக் கொடுப்பது பூண்டும் (செடிகொடிகள் என்று பொருள்) கனியும் மட்டுமே. கறிக்கு அனுமதி வருவது ஜலப்பிரளயம் முடிந்து நோவாவிடம் பேசும்போது. ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்பது மிருகங்களுக்கும் சேர்த்துத்தான் என்று வாதிட்டார்கள். ஏழைகளுக்குக் காய்கறி சூப்பும் இலவச வைத்தியமும் கொடுத்தார் கவ்ஹெர்ட்.

கறி வாங்கவே காசில்லாதவனிடம் கறியை விடச் சொல்வது சுலபம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சபையில் மில் முதலாளிகளும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜோசப் பிரதர்டன், கவ்ஹெர்டுக்குப் பின் போதகரானார். 1832இல் சால்ஃபோர்டின் முதல் எம்.பி.யும் ஆனார். அவர் மனைவி மார்த்தா 1812இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தைத்தான் முதல் சைவச் சமையல் நூல் என்பார்கள். முட்டையும் வெண்ணெயும் தாராளம். நம் ஊர்ச் சைவர்கள் பந்தியிலிருந்து எழுந்தே போயிருப்பார்கள்!

1817இல் சபையார் சுமார் 40 பேர் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அமெரிக்கச் சங்கம் 1850இல் தொடங்கியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்பே, 1847 செப்டம்பர் 30 அன்று, இங்கிலாந்தின் ராம்ஸ்கேட்டில் சைவ உணவுச் சங்கம் பிறந்துவிட்டது. வேறு சில சீர்திருத்தக்காரர்களும் கூடிய அந்தக் கூட்டத்துக்குத் தலைமை பிரதர்டன். சங்கத்தின் முதல் தலைவர் ஜேம்ஸ் சிம்ப்சனும் இதே சபைக்காரர்.

அப்புறம், காந்தி கதையைப் பாருங்கள். 1888இல் லண்டன் போனபோது அவர் கறியைத் தொடாதது அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக. ஃபாரிங்டன் தெருவின் சைவ உணவகத்தில் ஆங்கில எழுத்தாளர் ஹென்றி சால்ட் சைவ உணவை ஆதரித்து எழுதிய சிறு நூலை வாங்கிப் படித்த பிறகுதான் விரும்பிச் சைவரானதாக சுயசரிதையில் சொல்கிறார். லண்டன் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் சேர்ந்தார். அந்த நூலைப் படிக்கும்வரை, இந்தியர்கள் எல்லோரும் கறி தின்ன வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டாராம்.