ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாவது ஏன்?

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் புடவைக் கடை வைத்திருக்கிறோம். இணையக் கடைக்கு வரும் ஆர்டர்கள் கணக்கு மென்பொருளுக்குத் தானாகவே போய்விடும். தீபாவளி நெருக்கடியில் சில ஆர்டர்கள் இரண்டு முறை பதிவாகிவிட்டன. கணக்கு மென்பொருள், மென்பொருள்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் முறைகளில் பழையதான 'சோப்' (SOAP) முறையில் இயங்குகிறதாம். அதே வேலையைச் செய்யும் 'ரெஸ்ட்' (REST) முறைக்கு மாறினால் சரியாகும் என்கிறார் விற்பனையாளர். மாறலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக மட்டும் மாறாதீர்கள். பணம் செலவாகும், கோளாறு அப்படியே இருக்கும்.

நடப்பது பெரும்பாலும் இதுதான். இணையக் கடை ஆர்டரை அனுப்புகிறது. கணக்கு மென்பொருள் அதைப் பதிந்தும் விடுகிறது. ஆனால் கூட்ட நேரத்தில் சர்வர் திணறுவதால் 'கிடைத்தது' என்ற பதில் உரிய நேரத்தில் திரும்பி வருவதில்லை. காத்திருந்து பார்த்த இணையக் கடை மறுபடி அனுப்புகிறது. அது புது ஆர்டராகவே பதிவாகிறது.

சோப்பில் செய்தி எக்ஸ்.எம்.எல் (XML) என்ற தரவு வடிவில், ஓர் உறைக்குள் போகும்; சோப்பின் 1.2 பதிப்பு 2003லேயே இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரையானது. 2000இல் ராய் ஃபீல்டிங் தம் முனைவர் பட்ட ஆய்வில் விளக்கிய ரெஸ்டில் பெரும்பாலும் ஜேசன் (JSON) என்ற இன்னொரு தரவு வடிவம். பதில் தொலைவது இரண்டுக்கும் பொது. ரெஸ்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் இணையத் தொடர்பு நெறியான எச்.டி.டி.பி.யில் (HTTP), குறிப்பிட்ட இடத்தில் தரவை எழுதும் 'புட்' (PUT) கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது விதி. புது ஆர்டருக்கு வழக்கமாகப் பயன்படும் 'போஸ்ட்' (POST) கோரிக்கைக்கு அந்த உறுதி கிடையாது.

தீர்வு ஆர்டர் எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு செய்தியோடும் அந்த எண் போக வேண்டும். ஏற்கெனவே பதிந்த எண் வந்தால் கணக்கு மென்பொருள் மீண்டும் பதியாமல் பழைய பதிலையே தர வேண்டும். வாடிக்கையாளர் ஆர்டர் செய்யும்போதே எண் உருவாகிவிட வேண்டும். அனுப்பும்போதெல்லாம் புது எண் போட்டால் பயனே இல்லை. 'இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது' என்று நிரல் எழுதுவதும் போதாது. இரண்டு செய்திகள் ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே நுழைந்துவிடும். ஒரே எண் இருமுறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே வையுங்கள்.

கணக்கு மென்பொருளில் கைவைக்க முடியாதென்றால் நடுவில் ஒரு சிறு நிரலை வைத்து இதே சோதனையைச் செய்யலாம். செய்திகளை வாங்கி வைத்து அனுப்பும் செய்தி வரிசை, அதாவது மெசேஜ் கியூ, போட்டுத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் பெரும்பாலான வரிசைகள் தரும் உறுதி 'குறைந்தது ஒரு முறை' சேரும் என்பதே. எண் சோதனை அப்போதும் வேண்டும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கணக்கிலிருந்து மலேசிய வருமான வரித் துறையின் மின் விலைப்பட்டியல் தளமான மைஇன்வாய்ஸுக்கு (MyInvois) விலைப்பட்டியல் போகிறதென்றால், தவறாகப் போனதை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். பிறகு கிரெடிட் நோட்தான். அங்கே எக்ஸ்.எம்.எல், ஜேசன் இரண்டுமே செல்லும் என்பதால் அதற்காகவும் மாற வேண்டியதில்லை.

விற்பனையாளரிடம் ஒரு சோதனை கேளுங்கள்: ஆர்டர் பதிவானதும் பதிலை வேண்டுமென்றே தடுத்து, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். கணக்கில் ஒரே வரி இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.