எயார் பிஸ்டல் குண்டு இடது கீழே விழுந்தால்

எயார் பிஸ்டலில் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துவக்கு) குண்டு இடது கீழே விழுகிறதென்று கல்முனையிலிருந்து எழுதியிருந்தீர்கள். பின் குறிகாட்டியை (குறிபார்க்கத் துவக்கின் பின்பக்கம் உள்ள பகுதி) திருக வேண்டாம். வலது கையால் சுடும் உங்களுக்கு 10 மீற்றரில் குண்டு திரும்பத் திரும்ப ஏழு மணிப் பக்கம் (இலக்கைக் கடிகார முகமாக நினைத்தால் இடது கீழே) விழுகிறதென்றால், பெரும்பாலும் பிழை துவக்கில் இல்லை. விசையை இழுக்கும் நேரத்தில் விரலோடு சேர்ந்து முழுக் கையும் இறுகுகிறது.

கல்முனை வெக்கையில் இது இன்னும் கூடும். மட்டக்களப்பு கல்லடியில் எனக்கும் அப்படித்தான்: உள்ளங்கை வியர்த்துக் கைபிடி வழுக்கும், வழுக்க வழுக்க இறுக்கிப் பிடிப்பேன். ஒவ்வொரு ஐந்து குண்டுக்கும் கையைத் துடைக்கப் பழகிய பிறகுதான் குறைந்தது.

இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். குண்டு இல்லை என்று இரண்டு தரம் உறுதிப்படுத்துங்கள். வெற்று இழுப்பு நிலையில் (குண்டும் காற்றும் வெளியேறாமல் விசை மட்டும் இயங்கும் நிலை) வைத்து, வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து இருபது தரம் விசையை இழுங்கள். கண், குழல் முனையில் உள்ள முன் குறியிலேயே இருக்கட்டும். விசை விடும் கணத்தில் அது இடது கீழே குனிந்தால், காரணம் கைதான்.

குனியவே இல்லையா? சரி, மணல் பையில் கையை ஊன்றிச் சுடுங்கள். அப்போதும் அங்கேயே விழுந்தால் மட்டும் பின் குறிகாட்டியை மேல்நோக்கியும் வலது பக்கமாகவும் கொஞ்சம் நகர்த்தலாம்.

விசையை இளக்கியதாகவும் எழுதியிருந்தீர்கள். போட்டியில் விசை, விட்டுவிடாமல் 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். காற்றுச் சிலிண்டரை மட்டும் வீட்டில் கழற்றிப் பிரிக்காதீர்கள், உள்ளே 200 பார் வரை அழுத்தம் இருக்கும்.